கூலியும் காற்பந்தும்: முதல் லீக் பருவம்

காற்பந்தாட்டத்தில் புள்ளிப் பட்டியல் என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த ஒன்று. ஆனால் உலகின் முதற் காற்பந்து லீக் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்தில் தொடங்கிய பொழுது, புள்ளிகளை எங்ஙனம் கணக்கிடுவது என்பதே முடிவாகியிருக்கவில்லை. இத்துணை விரைவில் அவ்வமைப்பு எழுந்ததன் காரணத்தை அறிய, அந்நாட்டு ஆலைத் தொழிலாளரின் கூலிக் கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நெசவாலைகளில் வேலை செய்தலாகாது என்று விதித்தது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால், ஆடவருக்கும் அந்த ஓய்வு கிட்டலாயிற்று. நாளடைவில் அப்பிற்பகல் காற்பந்துக்கு உரியதாயிற்று. நுழைவுக் கட்டணம் செலுத்திப் பார்க்க மக்கள் திரண்டனர். ஆயினும் வெளியூர் சென்று ஆடும் தொழிலாளி அன்றைய கூலியை இழக்க நேர்ந்தது. அதனை ஈடு செய்வதற்கு மேற்பட ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்றனர் காற்பந்துச் சங்கத்தைச் சேர்ந்த கனவான்கள். வயிற்றுக் கவலை இல்லாதார் பிறர்க்கு விதித்த ஒழுக்கம் அது என்பதே என் கருத்து.

1884இல் பிரெஸ்டன் குழுவின்மீது இக்குற்றம் சாட்டப்பெற்றது. அதன் தலைவரும் ஆலை மேலாளருமான வில்லியம் சடெல் மறைக்கவில்லை. ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பதை ஒப்புக்கொண்டார். குழு கிண்ணப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. வடபுலக் குழுக்கள் தனிச் சங்கம் காண முற்படவே, 1885 ஜூலையில் சங்கம் பணிந்து ஊதியத்துக்கு இசைந்தது.

அதனால் புதியதோர் இடர் எழுந்தது. ஊதியமோ வாரந்தோறும் கொடுக்கப்பட வேண்டும், ஆட்டங்களோ நிலையற்றவை. கிண்ண ஆட்டம் குறுக்கிட்டால், நட்பு ஆட்டத்துக்கு இசைந்த குழு வராமலே போகும். ஆஸ்டன் வில்லாவைச் சேர்ந்த துணி வணிகர் வில்லியம் மெக்ரெகர் 1888 மார்ச்சில் சில குழுக்களுக்குக் கடிதம் எழுதினார். முதன்மையான பத்துப் பன்னிரண்டு குழுக்கள் கூடி, ஒன்றோடொன்று தன் ஊரிலும் எதிரியின் ஊரிலும் தவறாது ஆட வேண்டும் என்பது அவர் திட்டம். பன்னிரண்டு குழுக்கள் சேர்ந்தன. ஆறு லங்காஷயர் மாவட்டத்தவை; ஆறு நடுநாட்டவை. தலைநகராகிய லண்டனிலிருந்து ஒன்றேனும் இல்லை!

வெற்றிகளை மட்டும் எண்ணலாம் என்னும் எண்ணமும் அன்று இருந்தது. நவம்பரில்தான் வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று என உறுதி செய்தனர். இது சிறு செய்தியன்று. ஆஸ்டன் வில்லாவும் உல்வர்ஹாம்ப்டனும் பன்னிரண்டு வெற்றிகளே பெற்றன. சமநிலையில் முடிந்த ஆட்டங்களுக்கும் மதிப்பு வந்தமையால் வில்லா 29 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தையும், உல்வர்ஹாம்ப்டன் 28 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தையும் அடைந்தன. தோல்வியைத் தவிர்த்தலும் ஒரு பேறாயிற்று.

பிரெஸ்டனுக்கோ எம்முறையும் ஒன்றே. முதல் நாளில் பர்ன்லியை 5–2 என வென்ற அக்குழு, 22 ஆட்டங்களில் 18இல் வென்று நான்கில் சமநிலை கண்டது, தோல்வியே இல்லை. அடித்த கோல்கள் 74, வாங்கியவை 15. ஐந்தாண்டுகளுக்கு முன் தன்னை விலக்கிய சங்கத்தின் கிண்ணத்தையும் 1889 மார்ச்சில், அப்போட்டியில் ஒரு கோலும் வாங்காமலே கைப்பற்றியது. அவ்வணியில் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் பலர் இருந்தனர். ஊதியம் சட்டப்படி செல்லாதிருந்தால் அவர்கள் அங்கு ஒன்றுகூடியிருத்தல் அரிது.

கடைசி நான்கு இடங்களைப் பெற்ற ஸ்டோக், நாட்ஸ் கவுண்டி, டார்பி, பர்ன்லி ஆகியவை மீண்டும் இடம் வேண்டி நின்றன, நான்கும் ஏற்கப்பட்டன. பிரெஸ்டன் மறு ஆண்டும் வாகை சூடியது. அதன்பின் லீக் பட்டம் அதற்குக் கிட்டவில்லை. ஆட்டக்காரருக்குப் பணம் தந்ததை 1884இல் அஞ்சாது ஒப்புக்கொண்ட சடெல், ஆலைப் பணத்தைக் கையாடியதற்காக 1895இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றார்.