நீர்ப்பறவைகளும் வெடிச்சத்தமும்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்து மாணவன் ஒருவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். அமெரிக்கச் சதுப்புநிலம் ஒன்றில், புல்லுக்கும் நீருக்கும் மேலே வழுக்கிக்கொண்டு போகும் தட்டையான படகு. அதன் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி. படகு நிறையச் சுற்றுலாப் பயணிகள். “சார், விசிறி தண்ணிக்குள்ள இல்லையே, எப்படி ஓடுது? நம்ம கம்மாயில ஓடுமா?” என்று கேட்டான்.

ஓடும் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கால் அளவு நீர்கூட அதற்குத் தேவையில்லை. ஆனால் அப்படகில் ஏறிப் பறவை பார்க்கப் போனால், போய்ச் சேரும்போது பறவை இருக்குமா? பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் வட்டாரத்தில் பிறந்த அவனுக்கு இந்தக் கேள்விதான் முக்கியமானது என்று எனக்குப் பட்டது. இதற்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தது.

முதலில் படகைப் பார்ப்போம். ஏர்போட் என்று அழைக்கப்படும் இதனை நாம் விசிறிப் படகு எனலாம். சாதாரண விசைப்படகில் சுழலி நீருக்குள் இருக்கிறது. புல்லும் பாசியும் மண்டிய இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். ஆழமில்லாத இடத்தில் தரையில் இடிக்கும். விசிறிப் படகில் சுழலியைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். அது காற்றைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி படகு முன்னோக்கி நகர்கிறது. விசிறிக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் தகடுகளைத் திருப்பினால் காற்றின் திசை மாறும், படகும் திரும்பும். பொதுவாக இதற்குப் பிரேக் கிடையாது, பின்னோக்கியும் செல்லாது.

1905-ஆம் ஆண்டில் கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவில், தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழுவினர் விமானச் சுழலிகளைச் சோதிப்பதற்காக இத்தகைய படகு ஒன்றைச் செய்தனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’. பறப்பதற்கான ஆராய்ச்சியில் பிறந்த இப்படகு, பின்னர் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடாவுக்குப் போய், எவர்கிளேட்ஸ் என்னும் பெரிய புல்வெளிச் சதுப்பில் நிலைத்துவிட்டது. அங்கே தவளை பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் பழைய விமான எஞ்சின்களையும் மோட்டார் கார் எஞ்சின்களையும் பொருத்தித் தாங்களே படகு கட்டிக்கொண்டனர். சுற்றுலா அதன் பிறகு வந்தது.

அதே 1905-ஆம் ஆண்டில் அதே எவர்கிளேட்சின் தென்கரையில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. வெள்ளைக் கொக்குகளுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முதுகில் மென்மையான தூவிகள் வளரும். மேல்நாட்டுச் சீமாட்டிகளின் தொப்பிகளில் செருகுவதற்கு அத்தூவிகள் நல்ல விலைக்குப் போயின. தூவி வளரும் காலமும் கூட்டில் குஞ்சு இருக்கும் காலமும் ஒன்றே. ஆகவே வேடர்கள் கூட்டிலிருந்த தாய்ப்பறவைகளைச் சுட்டு வீழ்த்த, குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. இதைத் தடுக்க நியமிக்கப்பட்ட காவலர் கய் பிராட்லி என்பவர் 1905 ஜூலை 8 அன்று தூவி வேடர்களைத் தடுக்கப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். (இந்திய அரசாங்கம் இதற்கு முன்பே, 1902-இல், பறவை இறகுகளின் ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது என்பதை இங்கே குறிப்பிடலாம்.) 1947-இல் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவாயிற்று. துப்பாக்கி ஓசை அடங்கிய இடத்தில் விசிறியின் ஓசை வந்தது. பூங்காவின் பெரும்பகுதியில் இன்று விசிறிப் படகுக்கு அனுமதியில்லை. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிழக்கே சேர்க்கப்பட்ட பகுதியில் மட்டும், கட்டுப்பாடுகளுடன் அது ஓடுகிறது. பயணிகளுக்குக் காதுகளில் செருகிக்கொள்ளப் பஞ்சோ அடைப்பானோ தருகிறார்கள்! பறவைகளைக் காட்டும் இடம் வந்ததும் வழிகாட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்.

இவ்வளவு ஓசை எங்கிருந்து வருகிறது? எஞ்சினிலிருந்து ஒரு பங்கு வருகிறது, பெரும்பங்கு விசிறியினுடையது. 2 மீட்டர் குறுக்களவுள்ள விசிறி நிமிடத்திற்கு 2,500 முறை சுழன்றால், அதன் இதழ் நுனி வினாடிக்குச் சுமார் 262 மீட்டர் வேகத்தில் செல்லும். கணக்கிட்டுப் பாருங்கள். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். நுனியின் வேகம் இந்த எல்லையை நெருங்க நெருங்க இரைச்சல் கடுமையாகிறது. அதனால்தான், பல்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்து, இதழ்களின் எண்ணிக்கையைக் கூட்டி இரைச்சலைத் தணிக்க முயல்கிறார்கள். இப்படகைக் குறை சொல்வது மட்டுமே என் நோக்கமன்று. 2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது பலரைக் காப்பாற்றியவை இப்படகுகளே. வெள்ளத்தில் இது நண்பன். கூட்டுக்கு அருகில் அப்படிச் சொல்ல முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ளது வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எனப் பலவகைப் பறவைகள் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்தது. கம்பெனிச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல், எவரும் இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்னும் கவுல் ஒன்றைப் பெற்றனர். மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டு, ‘ஏரி காத்த ராமர்’ கதையில் இடம்பெற்ற அதே பிளேசு துரைதான் இவர். 1858-இல் இந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் வந்தது 1972-இல். சட்டத்தை முந்திக்கொண்டு 174 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமம் அதைக் கேட்டு வாங்கிவிட்டது!

பறவைகளின்பால் கொண்ட அன்பினால் இதைச் செய்தார்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும். அன்பு இருந்திருக்கலாம், ஆனால் அவர்கள் உழவர்கள். பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தின்றுவிட்டு, எச்சத்தை இந்த ஏரியில் இடுகின்றன. அந்த எச்சத்தில் நைட்ரசனும் பாஸ்பரசும் செறிந்துள்ளன. பரந்த நிலப்பரப்பில் சிதறிக் கிடக்கும் சத்தைப் பறவைகள் கூலியில்லாமல் சுமந்து வந்து ஓரிடத்தில் சேர்க்கின்றன. அந்நீர் மதகு வழியாக நெல் வயலுக்குப் பாய்கிறது. சிப்பாய் சுட்ட ஒவ்வொரு குண்டும் உழவனின் எருவைக் குறைத்தது. அவன் கலெக்டரிடம் போனதில் வியப்பில்லை.

வேதியியல் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒரு விந்தையைக் கவனிக்கலாம். அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கால்நடைகளின் சாணமும் சிறுநீரும் ஊறிய கிராமத்து மண்ணைக் கரைத்துக் காய்ச்சித்தான் அதை எடுத்தார்கள்; பீகாரிலிருந்து கம்பெனி வாங்கிக் குவித்த முக்கியச் சரக்குகளுள் அது ஒன்று. எருவில் இருக்கும் அதே நைட்ரசன் துப்பாக்கி மருந்திலும் இருக்கிறது. பயிருக்குப் போனால் நெல். கந்தகத்தோடும் கரியோடும் சேர்ந்தால் வெடி. நாரணாபுரத்து மாணவனுக்கு வெடியுப்பைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதன் வாடை அறியாத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு.

சிவகாசிக்கு இத்தொழில் வந்த கதை பலரும் அறிந்ததே. மழை பொய்த்து வேளாண்மை கைவிட்ட வறண்ட பூமி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். 1940-க்குப் பிறகு பட்டாசு பெருகியது. எந்த வெயிலும் வறட்சியும் உழவனைத் தோற்கடித்தனவோ, அவையே மருந்து உலர்வதற்கும் தீக்குச்சி காய்வதற்கும் உதவின. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் தயாராகிறது.

பட்டாசும் பறவையும் மோதிக்கொள்வது எங்கே? காலண்டரில்தான். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும், கண்மாய்கள் நிரம்புவதும், நீர்ப்பறவைகள் வந்து இறங்கி எந்த மரத்தில் கூடு கட்டலாம் என்று பார்ப்பதும் அதே ஐப்பசியில்தான். பறவை இன்னும் குடியேறவில்லை. இடம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஊரே வெடித்தால் அது வேறு கண்மாயைத் தேடிப் போய்விடும். சற்று முந்தி முட்டையிட்ட பறவையானால் கேடு இன்னும் அதிகம். திடீர் ஓசை கேட்டதும் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். காக்கைக்கும் பருந்துக்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும். வெயிலில் குஞ்சுகளுக்குச் சிறகை விரித்து நிழல் கொடுப்பது தாய் நாரையின் வேலை; அது எழுந்துவிட்டால் நிழலும் போயிற்று. பதறி நகரும் குஞ்சு கூட்டின் விளிம்பிலிருந்து கீழே விழும்.

ஓசை எவ்வளவு தூரம் போகும்? பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் அதன் ஒலி 125 டெசிபலுக்கு மேற்படக் கூடாது என்பது 1999-இல் வந்த விதி. திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113 என்று இறங்கிக்கொண்டே போனால், அரை கிலோமீட்டருக்கு அப்பாலும் 83 டெசிபல் மிஞ்சுகிறது. இது சட்டத்துக்கு உட்பட்ட வெடியின் கணக்கு. நீர்ப்பரப்பின் மேல் நிலைமை இன்னும் மோசம். குளிர்ந்த இரவில் நீரை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து மீண்டும் கீழே இறங்கும். கண்மாயின் அக்கரையில் பேசுவது இக்கரையில் கேட்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இப்போது சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிக்குப் போவோம். மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில், கொள்ளுக்குடிப்பட்டியையும் வேட்டங்குடிப்பட்டியையும் ஒட்டிய மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர், 1977-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டன. இங்குள்ள மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இப்படித்தான். வனத்துறையினர் தீபாவளியன்று இவ்வூராருக்கு இனிப்பு வழங்குவது வழக்கம். நெல்லை மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு. அங்கே கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள், வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கூந்தன்குளம் சரணாலயமானது 1994-இல்; கட்டுப்பாடு அதற்கும் முந்தியது.

மாவட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். 1985 வரை சிவகாசியும் வேட்டங்குடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. நாட்டுக்கே வெடி செய்து தரும் ஊரும், தன் பிள்ளைகளுக்குக்கூட வெடி வாங்காத ஊரும் ஒரே கலெக்டரின் கீழ்! இரண்டும் ஒன்றையொன்று பழித்ததாகத் தெரியவில்லை. பழிக்கத் தேவையுமில்லை. வேட்டங்குடி மக்கள் பட்டாசே கூடாது என்று உலகுக்குச் சொல்லவில்லை. எங்கள் கண்மாய்க்கரையில் வேண்டாம் என்றார்கள். அதனால் சிவகாசியில் ஒரு திரிகூட விற்காமல் போயிருக்காது. ஆனால் அந்த ஊர்ச் சிறுவர்கள் தீபாவளியன்று பக்கத்து ஊர் மத்தாப்பைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்களே, அந்த இழப்பு சிறியதன்று. சரணாலயங்களைப் பற்றி எழுதுவோர் பரப்பையும் பறவை எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். விசிறிப் படகு வேண்டாம். வேடந்தாங்கலில் படகே இல்லாமல் கரையில் நடந்தும் கோபுரத்தில் ஏறியும்தான் பார்க்கிறார்கள். பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டுக்குப் போனால் துடுப்புப் படகு இருக்கிறது. துடுப்பு நீரில் விழும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காது. வேட்டங்குடிக்குப் போவதானால் மழை நன்றாகப் பெய்த ஆண்டாகப் பார்த்து மார்கழியில் போகலாம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கிடைத்தால் ஒரு இருகண் நோக்கி, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. மாலை ஐந்தரை மணிக்குக் கண்மாய்க்கரையில் சத்தமில்லாமல் நின்றால் போதும். பகலெல்லாம் இரை தேடிய நாரைகளும் கொக்குகளும் வரிசை வரிசையாக மரத்துக்குத் திரும்பும். அதே மரத்தில் பகல் முழுவதும் தூங்கிய வக்காக்கள் ‘வாக், வாக்’ என்று கத்திக்கொண்டு இரைதேடப் புறப்படும்.