கால்வெஸ்டன் கற்பித்த பாடம்

இயற்கையை அளக்கப் புகுந்த மனிதன் தன் அளவுகோலின் எல்லையை மறந்தபோதெல்லாம் பெருவிலை கொடுத்திருக்கின்றான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் தீவுநகர் அதற்குச் சான்றாகும்.

அந்நகரின் மிக உயர்ந்த நிலமும் அக்காலத்தில் கடல்மட்டத்துக்கு மேல் 9 அடியை எட்டாதிருந்தது. எனினும், அங்கு வானிலை அதிகாரியாயிருந்த ஐசாக் கிளைன், கடும்புயலால் நகர் அழியுமென்னும் அச்சம் வெறும் மயக்கமே என 1891 இல் நாளிதழொன்றில் எழுதினார். கடற்சுவர் கட்டவேண்டுமென்ற கோரிக்கை கைவிடப்பட்டது.

1900 செப்டம்பர் முற்பகுதியில் கியூபாவைப் புயலொன்று கடந்தது. அது மெக்சிக்கோ வளைகுடாவினூடாக மேற்கே செல்லுமெனக் கியூபா நாட்டு ஆய்வாளர் கணித்தனர். புயல்களோடு நெடுங்காலம் பழகியவர் அவர்கள். அமெரிக்க வானிலைப் பணியகமோ அவர்தம் கருத்தைப் பொருட்படுத்தவில்லை; கியூபாவிலிருந்து வானிலைத் தந்திகள் வருவதையும் தடுத்திருந்தது. புயல் புளோரிடாப் பக்கம் திரும்பி அத்திலாந்திக் கரையோரமாகச் செல்லுமென அப்பணியகம் துணிந்து அறிவித்தது.

செப்டம்பர் 8 ஆம் நாள் கடல் 15 அடிக்கு மேல் உயர்ந்து நகருட் புகுந்தது. ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். கிளைனின் மனைவியும் அவர்களுள் ஒருவர்.

1902 இல் தொடங்கிய கடற்சுவர் வேலை 1904 இல் முதற்கட்டமாக நிறைவெய்தியது. நகரின் நிலமும் மண்ணிட்டு உயர்த்தப்பட்டது. முன்னறிவிப்புப் பிழைபடுதல் குற்றமன்று. பிழைபடக்கூடும் என்பதை மறைத்து உறுதிமொழி கூறுதலே குற்றம்.