ரோஜா முத்தையாவின் அழைப்பிதழ்ச் சேகரிப்பு

சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழந்தமிழ் நூல்களுடன் திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள், கடிதங்கள் ஆகியவற்றையும் பாதுகாத்து வருகிறது. இதற்கு அடித்தளம் தனிமனிதர் ஒருவரின் வீட்டுச் சேகரிப்பாகும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா, விளம்பரப் பலகை ஓவியர். தம்முடைய 'ரோஜா ஆர்ட்ஸ்' கடையின் பெயராலேயே அறியப்பட்டார். 1950 அளவில் சேகரிக்கத் தொடங்கி, சுமார் 1,00,000 உருப்படிகளைத் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்கியது. ஆயினும் அது கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகம் நிறுவப்பட்டது.

முனையில் மஞ்சள் தடவி வெற்றிலை பாக்குடன் கொடுக்கப்படும் பத்திரிகை, முகூர்த்தம் முடிந்ததும் பழைய காகிதமாகிவிடும். ஆனால் அதிலுள்ள தேதி, ஊர், உறவுமுறை, அச்சகப் பெயர் ஆகியவை சமூக வரலாற்றுச் சான்றுகள். பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டம் மறைந்ததையும், 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' 'திருமண அழைப்பிதழ்' ஆனதையும் இத்தாள்களில் காணலாம்.

அமிலம் கலந்த மரக்கூழ்த் தாள் விரைவில் பழுப்பேறி நொறுங்கும்; பருத்திக் கந்தலில் செய்த கைக்காகிதம் நெடுங்காலம் நிற்கும். இன்று வீட்டிலேயே அழைப்பிதழ் செய்வோர் தேர்ந்தெடுக்கும் தாளே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.