மிரட்டி வாங்கிய கையெழுத்து

மிரட்டி எழுதி வாங்கியது செல்லாது என்பது இந்தியாவில் பழைய எண்ணம். பலவந்தமாகக் கொடுக்கப்பட்டதும் எழுதப்பட்டதும் நடக்காததற்குச் சமம் என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயமே சொல்கிறது. எது மிரட்டல் என்பதற்கு அச்சிட்ட வரையறை 1872 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கிடைத்தது.

அன்றைய இங்கிலாந்துச் சட்டம் இதில் கஞ்சத்தனம் காட்டியது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, அல்லது சிறைவைப்பு இருந்தால்தான் ஒப்பந்தம் அசையும். பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கிய சம்மதம் செல்லும் என்று 1841-இல் ஸ்கீட் எதிர் பீல் வழக்கில் தீர்ப்பானது. இந்தியச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்த வேலியைத் தாண்டியது. தண்டனைச் சட்டம் தடுத்த எந்தச் செயலைச் செய்தாலும், செய்வேன் என்று மிரட்டினாலும் அது வற்புறுத்தல். சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதும் அப்படியே. மிரட்டலுக்கு ஆளானவர் கையெழுத்துப் போட்டவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் நீளும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. 1889-இல் தீர்ப்பான ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி வழக்கில், கணவனை இழந்த பெண்ணுக்கு வயது 13. குறிப்பிட்ட ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று அவனுடைய உறவினர்கள் மறித்தார்கள். அவள் இணங்கினாள். அந்தச் சுவீகாரம் அவளைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். பிணத்தை அவமதிப்பதைத் தண்டிக்கும் பிரிவு அன்றைய தண்டனைச் சட்டத்தில் இருந்ததையும் சட்ட நூல்கள் இவ்வழக்கோடு சேர்த்தே சொல்கின்றன.

அமிராஜு எதிர் சேஷம்மா (1917) இன்னும் சிக்கலானது. தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியும் மகனும் தங்களுடையது என்று கோரிய சொத்துகளைத் தன் சகோதரனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வைத்தார் ஒருவர். அன்று தற்கொலை முயற்சிக்குத் தண்டனை இருந்தது. தற்கொலைக்குத் தண்டனை இல்லை. அப்படியானால் அது தடுக்கப்பட்ட செயலா? இறந்தவரைத் தண்டிக்க வழியில்லை, அதனால் செயலே அனுமதிக்கப்பட்டதாகிவிடாது என்றார்கள் தலைமை நீதிபதி வாலிஸும் நீதிபதி சேஷகிரி ஐயரும். மூன்றாவது நீதிபதி ஓல்ட்ஃபீல்ட் உடன்படவில்லை. பிரிவின் வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால் அவர் பக்கமே வலு அதிகம். வீட்டுக்குள் மிரட்டல் எந்த உருவில் வரும் என்பதை உணர்ந்தது மற்ற இருவரின் தீர்ப்பு.

சொத்தைப் பிடித்து வைப்பதற்கு உதாரணம் முத்தையா செட்டியார் எதிர் கருப்பன் செட்டி (1927). பதவிக்காலம் முடிந்த ஏஜென்டு, தனக்கு முழு விடுதலை எழுதிக் கொடுத்தால்தான் கணக்குப் புத்தகங்களைத் தருவேன் என்றார். புத்தகம் இல்லாமல் கடையில் வரவும் தெரியாது, கடனும் தெரியாது. முதலாளி எழுதிக் கொடுத்தார். அது வற்புறுத்தலே என்று தீர்ப்பானது. இங்கிலாந்தின் பழைய விதிப்படி இந்த முதலாளிக்கு நியாயம் கிடைத்திருப்பது சந்தேகம்.

மிரட்டல் இல்லாமலே ஒருவர் மனத்தை இன்னொருவர் ஆளலாம். தகாத செல்வாக்கைப் பற்றிய 16-ஆம் பிரிவு 1899-இல் திருத்தி எழுதப்பட்டது. ஆனால் பண நெருக்கடி மட்டும் போதாது. பிரிவி கவுன்சில் முன் வந்த ரகுநாத் பிரசாத் வழக்கில், 24 சதவீதக் கூட்டுவட்டியில் வாங்கிய கடன் 11 ஆண்டுகளில் 11 மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது. கடன் கொடுத்தவர் வாங்கியவரின் மனத்தை ஆளும் நிலையில் இருந்தார் என்று காட்டப்படாததால் கடனாளி தோற்றார்.

மோசடிக்குச் சட்டமே தரும் உதாரணம் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது: ஆண்டுக்கு 500 மணங்கு அவுரி தயாராகும் தொழிற்சாலை என்று பொய் சொல்லி விற்பவர். இங்கெல்லாம் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தைத் தள்ளலாம், விரும்பினால் ஏற்கலாம். இருவருமே முக்கியமான உண்மையைத் தவறாக நம்பியிருந்தால் மட்டும் நிலை வேறு. பேரம் பேசும்போதே குதிரை செத்திருந்தது இருவருக்கும் தெரியாது என்றால், தள்ளவோ ஏற்கவோ ஒப்பந்தமே இல்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு அதில் இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்ய வைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதை மட்டும் 226-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. கணவன் மனைவியிடம் விடுக்கும் மிரட்டல் அதற்குள் வராது. அமிராஜு வழக்கின் பெரும்பான்மை ஊன்றி நின்ற இடம் இப்போது பெயர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட விடுதலைப் பத்திரத்தை இனி எதிர்ப்பவர் பெரும்பாலும் 16-ஆம் பிரிவைத்தான் நாட வேண்டியிருக்கும்.