மலாக்கா கைமாறிய கதை

நேயர்களே, மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் பழைய கல் வாயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். போர்த்துகீசியர் கட்டிய ஆ பாமோசா கோட்டையின் எச்சம் அது. ஆனால், அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டிருப்பதோ டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் ஆகும். ஒருவர் கட்டிய கோட்டையில் மற்றவர் முத்திரை விழுந்தது எவ்வாறு? அதனை இன்று நாம் காண்போம்.

1511ஆம் ஆண்டில் அல்புகர்க்கே மலாக்காவைப் பிடித்தார். நகரை இழந்த சுல்தான் மஹ்மூத் ஷாவின் வழிவந்தோர் ஜொகூர் அரசை நிறுவினர். மூதாதையர் ஆண்ட நகரை மீட்கும் எண்ணம் அவர்களை விட்டு நீங்கவில்லை. பலமுறை படையெடுத்தும், கோட்டைச் சுவர் அசைந்து கொடுக்கவில்லை.

இந்நிலையில் டச்சுக்காரர் கிழக்கே வந்தனர். அவர்கள் ஸ்பெயின் மன்னரோடு போரிட்டு வந்தவர்கள். 1580 முதல் போர்ச்சுகலும் அம்மன்னர் குடைக்கீழ் இருந்ததால், போர்த்துகீசியரும் அவர்களுக்குப் பகைவர் ஆயினர். 1602இல் அமைந்த டச்சுக் கம்பெனி, நான்கே ஆண்டுகளில் மலாக்காவைத் தாக்கியது. தளபதி மட்டலீஃப் ஜொகூரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நகரம் டச்சுக்காரருக்கு, சுற்றியுள்ள நிலம் ஜொகூருக்கு என்பது ஏற்பாடு. ஆனால், கோவாவிலிருந்து பெரிய போர்த்துகீசியக் கப்பற்படை வந்து சேரவே, முற்றுகை கலைந்தது.

அந்தத் தோல்வி டச்சுக்காரருக்கு ஒரு பாடம் கற்பித்தது. மலாக்காவின் வலிமை கல்லில் இருந்தது. அதன் பலவீனமோ வயிற்றில் இருந்தது. நகர மக்கள் உண்ணும் அரிசி கடல் வழியே வெளியூர்களிலிருந்து வரவேண்டும். எனவே, கடலை அடைத்தால் போதும். 1619இல் பத்தாவியாவைத் தலைமையிடமாக்கிக்கொண்ட அவர்கள், 1630களில் நீரிணையில் கப்பல்களை நிறுத்திப் போர்த்துகீசியக் கலங்களை மறித்தார்கள். கோவாவிலிருந்து வரும் உதவி வரவரக் குறைந்தது.

1640 ஆகஸ்டில் இறுதி முற்றுகை தொடங்கியது. டச்சு வீரர்களுடன் ஜொகூர்ப் படகுகளும் சேர்ந்துகொண்டன. மாதங்கள் ஓடின. நகருக்குள் பசி, வெளியே முகாமில் காய்ச்சல். உள்ளே நாய், பூனை, எலி எதுவும் மிஞ்சவில்லை. வெளியே டச்சுத் தளபதிகள் ஒருவர்பின் ஒருவராக நோய்க்கு இரையாயினர். கடைசியில் 1641 ஜனவரி 14ஆம் நாள், எழுந்து நிற்க வலுவிருந்த சுமார் 650 பேர் சான் தொமிங்கோ கொத்தளத்தைத் தாக்கி உள்ளே புகுந்தனர். ஆளுநர் மனுவேல் டி சோசா கூட்டின்யோ சரணடைந்தார். சில நாள்களிலேயே இறந்தும் போனார். முற்றுகைக்கு முன் சுமார் 20,000 பேர் வாழ்ந்த நகரில் எஞ்சியவர் சில ஆயிரம் பேரே.

இதில் ஒரு கொடுமையும் உண்டு, நேயர்களே. 1640 டிசம்பர் முதல் நாள் போர்ச்சுகல் ஸ்பெயினை உதறித் தனியரசு ஆயிற்று. பகைமைக்கான மூல காரணமே மறைந்துவிட்டது! ஆனால், அச்செய்தி கப்பலேறி இங்கு வந்து சேருமுன் மலாக்கா வீழ்ந்துவிட்டது.

இனி ஜொகூர் அடைந்தது என்ன? மூதாதையரின் நகரம் கிடைக்கவில்லை. டச்சுக் கொடிதான் ஏறியது. ஆயினும் வரலாறு வேறொரு வழியில் கணக்குத் தீர்த்தது. கம்பெனி பத்தாவியாவையே தன் நடுத்துறையாக வைத்துக்கொண்டது. நீரிணையில் செல்லும் கப்பல்கள் மலாக்காவில் நின்று அனுமதிச் சீட்டுப் பெற்று வரி கட்ட வேண்டும் என்றது. ஈய வணிகத்தைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள முயன்றது. வணிகர்கள் என்ன செய்வார்கள்? கெடுபிடி குறைந்த துறைகளை நாடினார்கள். அவ்வாறு செழித்த துறைகளுள் முதன்மையானவை ஜொகூர், ரியாவ் துறைமுகங்களே.

முன்னாளில் மலாக்காவை வளர்த்தது கற்சுவர் அன்று. குஜராத்தியர், தமிழர், சீனர், ஜாவானியர் எனப் பலரும் நம்பி வந்து கொள்முதல் செய்த சந்தைதான் அதனை வளர்த்தது. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் பீரங்கியால் கோட்டையைப் பிடித்தார்கள்; அந்த நம்பிக்கையைப் பிடித்துவைக்க அவர்களால் இயலவில்லை.

1807இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை இடித்துத் தள்ளினர். எஞ்சியது ஒரு வாயில் மட்டுமே. அடுத்த முறை அதனைக் கடக்கும்போது, அண்ணாந்து அந்த ஆண்டைப் படித்துப் பாருங்கள். உள்ளே பசித்திருந்தவர்களையும், வெளியே காத்திருந்தவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.