பெயருக்கு முன்னே பொருள்

தமிழில் அறிவியல் வளர்ந்த கதையைக் கலைச்சொற்களின் கதையாகவே நாம் பெரும்பாலும் சொல்லி வருகிறோம். 1916-இல் ராஜாஜி முதலியோரின் முயற்சியால் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கம் தோன்றியதிலிருந்து அக்கதை தொடங்குவது வழக்கம். அதனோடு இணையாக ஓடிய வேறொரு வரலாறும் உண்டு. அன்றாடப் பொருள்கள் இயங்கும் விதத்தை எளியோர்க்கும் குழந்தைகளுக்கும் விளக்க முயன்றவர்களின் வரலாறு அது.

1917-இல் வழக்கறிஞர் பெ. நா. அப்புசாமியின் முதல் அறிவியல் கட்டுரை 'தமிழர் நேசன்' இதழில் வெளிவந்தது. 1986-இல் மறையும் வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். கலைச்சொல் தேடிய ராஜாஜியே பின்னர் வேதியியலை வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்தார். அந்நூலின் பெயரே 'திண்ணை ரசாயனம்'. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியோர்க்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இரண்டிற்கும் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987-இல் பிறந்தது.

கலைச்சொல் இன்றி அறிவியல் நிலைபெறாது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குழந்தைக்கு விளக்கும்போது வரிசை மாறவேண்டும்: முதலில் பொருள், பிறகு அதன் செயல், இறுதியில் பெயர். பெயர் முந்திக்கொண்டால் கேள்வி நின்றுவிடும்.

இளநீரைக் குழலால் பருகுவதை எண்ணிப் பாருங்கள். 'உறிஞ்சுகிறோம்' என்கிறோம், சொல் கிடைத்ததும் விளக்கமும் கிடைத்ததாக நம்பிவிடுகிறோம். உண்மையில் வாயும் குழலும் நீரை இழுப்பதில்லை. வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்று காயின் துளை வழியே நீரின் மேற்பரப்பை அழுத்தி, நீரைக் குழலில் மேலேற்றுகிறது. குழலைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பிசைந்த மாவால் காற்றுப் புகாதபடி அடைத்துவிட்டுப் பருகச் சொல்லுங்கள். சிறிதளவு வந்ததும் நீர் நின்றுபோகும். அந்தக் கணத்தில் குழந்தை கேட்கும் 'ஏன்' என்பதற்குப் பின்னரே 'வளிமண்டல அழுத்தம்' என்ற சொல் வரவேண்டும். கிணற்றடிக் கைப்பம்பும் இதே விதிப்படியே நீரை ஏற்றுகிறது. காற்றின் தள்ளுதலுக்கு எல்லை உண்டாதலால், மேலிருந்து இழுக்கும் பம்பு ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழுள்ள நீரை ஏற்ற இயலாது.

டாலிகஞ்ச் போன்ற இடங்களில் இது மேலும் முக்கியமாகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் வங்காளமும், இயந்திரத்தின் மேல் ஆங்கிலம் என்று வளரும் அந்தமான் குழந்தைக்கு ஒரே பொருள் மூன்று நான்கு பெயர்களோடு வருகிறது. பெயர்களை மட்டும் கற்பித்தால் அது சுமை. செயலைத் தாய்மொழியில் ஒருமுறை புரியவைத்துவிட்டால், எந்த மொழிப் பெயரும் அதன்மேல் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தீவுகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர் ஒரு தொகுதியைத் திறந்து, வீட்டிலிருக்கும் ஏதேனும் ஒரு பொருளை அருகில் வைத்துக்கொண்டு குழந்தையோடு படிக்கலாம்.