பணியிடப் பயிற்சி மதிப்பீடு

பணியிடப் பயிற்சி மதிப்பீடு என்பது, ஊழியர்களுக்கு அளித்த பயிற்சி வேலையில் பலன் தந்ததா என்று கண்டறியும் முறை. இதில் பெரிதும் பின்பற்றப்படுவது டொனால்ட் கிர்க்பாட்ரிக்கின் (1924–2014) நான்கு படி முறை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்களின் பயிற்சியை 1954-இல் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தார். 1959–60-இல் நான்கு கட்டுரைகளில் இம்முறையை விளக்கினார். பயிற்சி பிடித்திருந்ததா, என்ன கற்றார்கள், கற்றதை வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்பவையே நான்கு படிகள். செலவிட்ட பணத்துக்கு ஈட்டிய வருவாயைப் பின்னர் ஜாக் பிலிப்ஸ் ஐந்தாவதாகச் சேர்த்தார்.

பல நிறுவனங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. கடைசி வகுப்பு முடிந்து, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நிரப்பப்படும் கருத்துப் படிவமே மதிப்பீடு ஆகிவிடுகிறது. இது போதவே போதாது. ஜார்ஜ் அலிகரும் சக ஆய்வாளர்களும் 1997-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வகுப்பு பிடித்திருந்ததற்கும் கற்றதற்கும் ஏறக்குறையத் தொடர்பே தெரியவில்லை. ‘வேலைக்கு உதவுமா?’ என்ற கேள்விக்கு வந்த பதில்கள் கற்றதோடு சற்றுக் கூடுதலாகப் பொருந்தின.

உற்பத்தி கூடினாலும் அது பயிற்சியால்தான் என்று சொல்லிவிட முடியாது. புதிய இயந்திரமோ எளிய ஆர்டரோ காரணமாக இருக்கலாம். இதைப் பிரித்தறியப் பயிற்சி பெறாத ஒரு குழுவை ஒப்பிட வேண்டும். பெங்களூரின் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளில் நம்ரதா காலா உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். பேச்சுத்திறன், நேர நிர்வாகம் போன்றவற்றைக் கற்பிக்கும் பயிற்சிக்குப் பெண் தொழிலாளர்கள் விரும்பிப் பெயர் கொடுத்தார்கள். குலுக்கலில் சிலருக்கு இடம் கிடைத்தது, மற்றவர்கள் ஒப்பீட்டுக் குழுவானார்கள். ஒவ்வொருவரும் டார்கெட்டில் எத்தனை பீஸ் முடித்தார் என்ற கணக்கே அளவுகோல். பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவரும் பயிற்சி பெற்றவரைப் பார்த்து மேம்படலாம் என்பதால், பயிற்சியே நடக்காத தையல் லைன்களும் ஒப்பிடப்பட்டன. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே லைனில் பயிற்சி பெறாதவர்களும் முன்னேறினார்கள். நிறுவனத்துக்குச் செலவைவிடப் பல மடங்கு வருவாய் வந்தது.

ஆனால் அந்தப் பெண்களின் கூலி உயர்ந்தது சுமார் 0.5 சதவீதம்தான். கிர்க்பாட்ரிக்கின் நான்காம் படி கேட்பது நிறுவனத்தின் லாபத்தை. உழைப்பவருக்கு என்ன கிடைத்தது என்று எந்தப் படியும் கேட்பதில்லை. பயிற்சியை அளக்கும் நிறுவனங்கள் அந்தக் கணக்கையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.